பதிலாள் வரும்வரை

ஒரு மனிதரை அவருடைய வீட்டுக்குப் போகவிடாமல் நான் சில வருடங்கள் பிடித்து வைத்திருந்தேன். சட்டப்படிதான் வைத்திருந்தேன். அதற்காக என்னைப் பாராட்டினார்கள். ஒரு பரிசளிப்பு விழாவில் அதைச் சொல்லியே எனக்கு மாலை போட்டார்கள். மாலையைக் கழற்றி மேசையில் வைத்தபோது, கூட்டத்தில் அந்த மனிதரும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது நான் லுணுகலைக்கு மேலே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த ஒரு பாடசாலையின் அதிபர். அவர் அங்கே ஆங்கில ஆசிரியர், யாழ்ப்பாணத்துக்காரர். நான் தோட்டத்தில் பிறந்தவன். ஹல்துமுல்லைப் பக்கம் தொழிலாளர் வரிசை வீடுகளான ஒரு லயத்தில் வளர்ந்து, ஆங்கிலம் படித்து, அதையே கற்பித்துப் பிழைத்தவன். அவர்மீது எனக்கிருந்த பகை அதற்குப் பல வருடங்கள் முன்பே பதுளை நகரத்தில் பிறந்திருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பதுளையில் ஒரே பாடசாலையில் இருவரும் படிப்பித்தோம். அவர் எனக்கு முன்பே வந்தவர். ஆசிரியர் ஓய்வறையில் ஜன்னலோர நாற்காலி அவருடையது என்பது எல்லோருக்கும் தெரியும். நான் புதியவன், அங்கே ஆங்கிலம் படிப்பிக்க வந்த முதல் தோட்டத்துப் பிள்ளை. ஒரு திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் ஆங்கிலத்தில் அறிவித்தல் வாசிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. முந்தின நாள் முழுவதும் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். அன்றைக்குப் பார்த்து ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. மைதானத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உரத்து வாசித்தேன். பிழையில்லாமல் வாசித்தேன் என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஓய்வறைக்கு வந்ததும் அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"மாஸ்டர், உங்கட குரல் பெரட்டுக்கு நல்லா எடுபடும். மைக்கே தேவையில்லை."

பெரட்டு என்பது தோட்டத்தில் விடிவதற்கு முன் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்தி, பேர் கூப்பிட்டு, வேலைக்குப் பிரித்துவிடும் இடம். என் அப்பாவும் அம்மாவும் ஆயுள் முழுக்க அந்தக் கூப்பாட்டுக்கு ஓடியவர்கள். அறை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

அந்த வாரமே நான் 'பெரட்டு மாஸ்டர்' ஆகிவிட்டேன். முதலில் ஆசிரியர்கள், பிறகு மாணவர்கள், பிறகு பஸ் நிலையத்தில் நிற்கும் மாணவர்களின் அண்ணன்மார். ஒருநாள் மனைவியோடு சந்தையில் முட்டைக்கோவா வாங்கிக்கொண்டிருந்தபோது கூட்டத்துக்குள்ளிருந்து யாரோ அந்தப் பேரைக் கூப்பிட்டார்கள். "யாருங்க அது பெரட்டு மாஸ்டர்?" என்று மனைவி கேட்டாள். யாரோ என்றேன். அவள் கோவாவை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பேரிலிருந்து தப்புவதற்காகவே அதிபர் சேவைப் பரீட்சைக்குப் படித்தேன் என்று சொன்னால் பொய்யாகாது. லுணுகலைப் பாடசாலை கிடைத்தபோது, கஷ்டப் பிரதேசம் என்று மற்றவர்கள் பரிதாபப்பட்டார்கள். எனக்கு அங்கே பட்டப்பேர் இல்லை என்பதே போதுமாக இருந்தது.

இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்து சில மாதங்களில் அவர் இடமாற்றத்தில் அதே பாடசாலைக்கு வந்து சேர்ந்தார். மழையில் நனைந்த பையோடு என் அறை வாசலில் நின்றார். தலை நரைத்திருந்தது. "சேர், பதுளையிலை ஒண்டா இருந்தனாங்கள் என்ன?" என்று மகிழ்ச்சியோடு கேட்டு, கை நீட்டினார். பழைய ஆட்கள் ஒவ்வொருவரையும் விசாரித்தார். அந்தப் பேரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மறைக்கிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகு விளங்கியது, அவருக்கு உண்மையாகவே நினைவில்லை. எனக்குள் பத்து வருடம் புழுத்துக்கொண்டிருந்த ஒன்று, அவருக்கு ஆற்றிக் குடித்துவிட்ட ஒரு கோப்பைத் தேநீர். அவர் என்னைக் கேலி செய்ததைவிட அதை மறந்ததுதான் என்னை அதிகமாகக் கொளுத்தியது.

வஞ்சம் தீர்க்க எனக்கு வழி தெரியவில்லை. அவர் நன்றாகப் படிப்பித்தார். நேரத்துக்கு வந்தார். காத்திருந்தேன்.

இரண்டாயிரத்து இரண்டில் யுத்தநிறுத்தம் வந்து, வடக்குக்குப் போகும் பாதை திறந்தது. அவருடைய மனைவியும் ஒரே மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். பாதை மூடிக்கிடந்த காலத்தில் எப்போதாவது கப்பலில் போய்ப் பார்த்து வந்திருக்கிறார். லுணுகலை டவுனில் ஒரு இரும்புக் கடைக்கு மேலே வாடகை அறையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கொமினிகேஷன் கடையின் கண்ணாடிக் கூண்டுக்குள் ரிசீவரைப் பிடித்தபடி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பாதை திறந்ததும் இடமாற்றத்துக்கு விண்ணப்பித்தார். அது கிடைத்தும் விட்டது. கடிதத்தின் கீழே வழக்கமான ஒரு வரி இருந்தது: பதிலாள் கடமையேற்றதும் விடுவிக்கவும்.

மலைநாட்டுப் பாடசாலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த வரியின் பொருள் தெரியும். எங்களுக்குப் பதிலாள் வருவதில்லை. ஆங்கில ஆசிரியர் ஒருவர் இந்த மலைக்கு ஏறுவது அபூர்வம். ஏறினவரும் இறங்குவதற்குத்தான் வழி பார்ப்பார். ஆகவே நல்ல அதிபர்கள் ஒரு காரியம் செய்வார்கள். 'உள்ளகமாகச் சமாளித்துக்கொள்ளலாம், விடுவிப்பதில் ஆட்சேபனை இல்லை' என்று எழுதிக் கொடுத்து ஆளை அனுப்பிவிடுவார்கள். எனக்கு அது இன்னும் சுலபம். நானே ஆங்கிலம் படிப்பித்தவன்; அவருடைய வகுப்புகளை நானே எடுத்திருக்கலாம். இதை ஏனோ யாரும் என்னிடம் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

கடிதத்தோடு வந்த அன்றைக்கு அவர் உட்காரவில்லை.

"சேர், மகளுக்குப் பதினாலு வயது. நான் அவளோடை ஒழுங்கா ஒரு வீட்டிலை இருந்தது, அவள் இவ்வளவா இருக்கேக்குள்ளை." என் மேசை விளிம்புக்குச் சற்று மேலே கையை வைத்துக் காட்டினார். "இன்னும் கொஞ்சக் காலம்தான் எங்களோடை இருப்பாள். அதுக்குள்ளை போகவேணும்."

"போகத்தான் வேணும் சேர்," என்றேன். "ஆனா நம்ம புள்ளைங்க பாடு? பதிலாள் வரட்டும். வந்தா அன்னைக்கே அனுப்பிடுறேன்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். கதவு மூடியதும் நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன். எதிரே மலைச்சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரிய சாப்பாடு சாப்பிட்டவன்போல் இருந்தது எனக்கு.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பெற்றோர் நன்றி சொன்னார்கள். "மத்த எடத்துல எல்லாம் மாஸ்டர்மாரை விட்டுட்டு நிக்கிறாங்க. நம்ம சேர் நம்ம புள்ளைகளுக்காக நிக்கிறாரு," என்றார் ஒரு கங்காணி. மாலை போட்டது அந்த வருடம்தான். நான் சொன்ன காரணம் உண்மையான காரணம். நான் வைத்திருந்த காரணம் வேறு. ஒரு மனிதன் இந்த இரண்டையும் ஒரே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருடக்கணக்காக நடமாட முடியும் என்பதை என் உடம்பிலேயே கண்டேன்.

ஒவ்வொரு தவணை முடிவிலும் அவர் வந்து கேட்பார். முதலில் அறைக்கு வெளியே உள்ள மர வாங்கில் உட்கார்த்தி வைப்பேன். வேலை இருக்காது, பழைய சுற்றறிக்கைகளைப் புரட்டிக்கொண்டிருப்பேன். கண்ணாடி வழியே அவருடைய வளைந்த முதுகு தெரியும். அவர் வேலையை விட்டுவிட்டுப் போகலாம்தான். ஆனால் ஓய்வூதியத்துக்கு இன்னும் சில வருடங்களே இருந்தன, வீட்டில் வேறு வருமானமும் இல்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

இந்த நாட்களில் ஒன்றில்தான் அந்த வினைச்சொல்லைக் கேட்டேன். எங்கள் வகுப்புகளுக்கு முழுச் சுவர் கிடையாது. இடுப்பளவுச் சுவரும் மேலே வெளியும்தான். பதினோராம் ஆண்டு வகுப்பைத் தாண்டி நடந்தபோது அவர் கரும்பலகையில் 'ரிலென்ட்' என்று எழுதிக்கொண்டிருந்தார். அதற்குத் தமிழ் என்ன என்று ஒரு பிள்ளை கேட்டாள். தூணுக்குப் பின்னால் நின்றேன்.

"விட்டுக்குடுக்கிறதுக்கு இங்கிலீசிலை கன சொல் இருக்கு," என்றார். "யீல்ட், சரண்டர், கிவ் இன். அதெல்லாம் கீழை இருக்கிறவன் செய்யிறது, ஏலாமப் போனாச் செய்யிறது. இது அப்பிடி இல்லை. இதுக்குப் பிடி உன்ர கையிலை இருக்கவேணும். நீ விடத் தேவையில்லை, ஒருத்தரும் உன்னைக் கேக்க ஏலாது. ஆனாலும் மனம் இளகி விடுறாய். அதுதான் ரிலென்ட்."

மழைக்குச் சொல்லலாமா என்று இன்னொருத்தி கேட்டாள். மழைக்குச் சொல்லலாம், காற்றுக்கும் காய்ச்சலுக்கும் சொல்லலாம் என்றார். பிறகு, இந்தச் சொல் தனியே நடமாடுவது குறைவு, பத்திரிகையில் பாருங்கள், பெரும்பாலும் 'நாட்' என்ற சொல்லின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வரும் என்றார். அதிகாரி இளகவில்லை, அரசு இளகவில்லை, நீதிபதி இளகவில்லை. ஆளுக்கொரு வசனம் சொல்லச் சொன்னார். பஸ் கண்டக்டர் இளகவில்லை என்றது ஒன்று. துரை இளகவில்லை என்றது ஒன்று. கடைசி வாங்கிலிருந்து ஒரு பையன் எழுந்து, காலில் ஏறின அட்டை இளகவில்லை என்றான். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சிரித்தார்.

"அட்டைக்கு மனம் இருக்கோ தெரியாது. ஆனா வசனம் சரி."

அவர் என்னைத்தான் குத்திப் பேசுகிறார், பிள்ளைகளை வைத்து என்னை இரண்டாம் முறை சிரிப்பாக்குகிறார் என்று முடிவு செய்தேன். அன்றே பாட நேரசூசியை எடுத்தேன். வெள்ளிக்கிழமைகளில் அவருக்கு மத்தியானத்துக்கு முன்பே வேலை முடியும். நீண்ட விடுமுறை வரும் வாரங்களில் மத்தியானப் பஸ்ஸில் பதுளைக்கு இறங்கி அங்கிருந்து வடக்கே போய்விடுவார். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை அவருக்குப் போட்டேன். இனி அந்தப் பஸ் அவருக்கு இல்லை. அவர் புதிய நேரசூசியைப் பார்த்தார்; தன் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

அந்தப் பாடம் என்னைக் குறி வைத்ததல்ல. பாடப்புத்தகத்தில் அந்த வாரத்துக்குரிய பந்தியில் அந்தச் சொல் இருந்தது. பின்னாளில் புத்தகத்தைப் புரட்டியபோது கண்டேன்.

அடுத்த வருடம் அவர் தானே ஒரு பதிலாளைக் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் பாடசாலையிலேயே படித்து, உயர்தரத்தில் ஆங்கிலத்திலும் சித்தியடைந்த பெண். தாய் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். தோட்டத்து முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதிபர் ஏற்றுக்கொண்டால் அவளைத் தொண்டர் ஆசிரியராக வைத்துக்கொள்ளலாம், அவரை விடுவிக்கலாம் என்று வலயக் கல்விக் காரியாலயத்தில் பேசி ஒப்புதல் வாங்கியிருந்தார். தொண்டராக இருந்தவர்களுக்குப் பிறகு நிரந்தர நியமனம் கிடைத்த காலம் அது. அந்தப் பெண்ணுக்கு அதன் பெறுமதி தெரிந்திருந்தது. கஞ்சி போட்ட சேலை உடுத்தி, குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் சரி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் மூன்று பேர் பிழைத்திருப்போம்.

ஒரு புத்தகத்தை நீட்டி வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். தட்டுத் தடங்கல் இல்லை. எந்தச் சொல்லில் குரலை ஏற்ற வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரிந்த வாசிப்பு. அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார், தேறிவிட்டாள் என்ற நிம்மதியோடு. அந்த நிம்மதியைக் கண்டதும் என் வாய் திறந்தது.

"வாசிப்பு பரவால்லம்மா. ஆனா உச்சரிப்புல லயத்து வாடை அடிக்குது. ஓ.எல். பரீட்சை வகுப்புக்கு இது பத்தாது."

அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. அவருடைய முகத்தைத்தான் பார்த்தேன், அதற்காகத்தானே சொன்னேன்.

"சேர், நீங்களோ இதைச் சொல்லுறியள்?" என்றார் அவர். கோபமாக அல்ல, விளங்காமல் கேட்டார்.

"தரம்னு ஒன்னு இருக்குல்ல சேர்," என்றேன்.

"சரிங்க சேர்," என்றாள் அந்தப் பெண். புத்தகத்தை மூடி, மேசையில் நேராக வைத்துவிட்டுப் போனாள். தை பிறந்ததும் கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். பிறகு வெளிநாட்டுக்கு, வீட்டு வேலைக்கு. தாயை ஒருநாள் பாதையில் கண்டேன். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்து என்னைக் கும்பிட்டாள். நான் ஏதோ சொல்ல வாயெடுக்க, அவளே முந்திக்கொண்டாள்: "நம்ம புள்ளைக்கு அந்தளவுக்குப் படிப்பு ஏறலீங்க சேர். நீங்க சரியாத்தான் சொன்னீங்க."

ஓய்வறையில் ஒருவர் கேலிக்காகச் சொன்னதை நான் பத்து வருடம் சுமந்தேன். அதைவிடக் கேவலமானதை, கேலிக்காகக்கூட இல்லாமல், என் சொந்தச் சனத்தின் பிள்ளையிடம் பதவியில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். அப்போதாவது நான் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. பிடித்ததை விட்டால் பிடித்திருந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டி வருமே என்ற பயமும் சேர்ந்துகொண்டது. வஞ்சம் பழகிவிட்டால் அதற்குக் கோபம்கூடத் தேவைப்படுவதில்லை. வெறும் வழக்கமாகவே அது நடந்துகொண்டிருக்கும்.

கடைசியில் அவர் போனது என்னால் அல்ல. பயிற்சிக் கலாசாலையிலிருந்து வெளியேறிய இளைஞர் ஒருவருக்கு எங்கள் பாடசாலைக்கு நியமனம் வந்தது. பதிலாள் வந்துவிட்டார்; என் கையில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. விடுவிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

பிரியாவிடைக்கு வழக்கம்போல ரோல்ஸும் கேக்கும் தேநீரும் வைத்தோம். நான் அவரைப் புகழ்ந்து பேசினேன். பிறகு அவர் எழுந்தார். நீண்ட பேச்சு இல்லை. அதிபர் தன்னைப் பிடித்து வைத்தது பிள்ளைகளுக்காக என்றும், அது தனக்குக் கஷ்டமாக இருந்தாலும் சரியென்றே பட்டது என்றும், ஓ.எல். முடிவுகள் வரும்போதெல்லாம் அதை நினைத்து ஆறுதல்பட்டதாகவும் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ் ஏற்றிவிட டவுன் வரை நானே போனேன். அவருடைய பையை நான் தூக்கிக்கொண்டேன். தூறிக்கொண்டிருந்தது. தரிப்பிடத்தில் எங்கள் இருவரையும் தவிர ஒரு கிழவி மட்டும் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போனதும் மகளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று, பேச வேண்டுமே என்பதற்காகச் சொன்னேன்.

"மகள் இல்லைச் சேர்," என்றார். "அவளின்ர மாமா லண்டனுக்குக் கூப்பிட்டிட்டார், படிக்க. பங்குனியிலை போயிட்டாள். வீட்டிலை இப்ப மனுசி மட்டும்தான்."

அவர் இதை முறைப்பாடாகச் சொல்லவில்லை. பஸ் வருகிறதா என்று வளைவைப் பார்த்தபடி சொன்னார். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பதுளை ஓய்வறை, அந்தப் பேர், சந்தையில் என் மனைவி கேட்ட கேள்வி, வாங்கில் அவரை உட்கார்த்தி வைத்தது, வெள்ளிக்கிழமைப் பாடவேளை, அந்தப் பெண்.

அவர் வளைவிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "அப்பிடிச் சொன்னனானோ? சொல்லியிருப்பன். அந்த நாளையிலை எனக்கு வாய் கூட." பிறகு கேட்டார்: "அப்ப பிள்ளையளுக்காக இல்லையோ?"

"இல்லீங்க சேர்."

பஸ் வளைவில் ஹோர்ன் அடித்தது. அவர் என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டார்.

"இதை நீங்கள் எனக்குச் சொல்லாம விட்டிருக்கலாம்," என்றார். "பிள்ளையளுக்காக எண்டு நினைச்சுக்கொண்டே போயிருப்பன். மகளுக்கும் அப்பிடித்தான் சொல்லி வைச்சிருக்கிறன்."

ஏறி, மறுபக்க ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். அவர் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்து சில வாரங்களில் யுத்தம் மறுபடியும் தொடங்கி, பாதை மூடப்பட்டது. பிறகு நடந்தவற்றில் அவர் என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கும் துணிவும் எனக்கு வரவில்லை.

வருந்தித்தான் அன்றைக்கு உண்மையைச் சொன்னேன் என்று பலகாலம் என்னை நானே நம்பவைத்திருந்தேன். இப்போது வயது போய்விட்டது, பொய் சொல்லிப் பயனில்லை. பிள்ளைகளுக்காக இல்லை என்று கேட்டதும் அவர் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று அணைந்தது. கடைசியில் இவருக்குத் தெரிந்துவிட்டது என்று அந்தக் கணத்தில் எனக்குள் ஒரு குரல் சொன்னது. அது எனக்கு இனித்தது. வருத்தம் பிறகுதான் வந்தது, பஸ் மலை இறங்கிப் போய், கிழவி என்னைப் பார்த்து, "நீங்க போகலீங்களா?" என்று கேட்ட பிறகு.